பாம்பின் விஷம், குதிரையின் ரத்தம்: உயிர் காக்கும் ஊசி தயாராகும் விதம்

பாம்பு கடித்தவருக்கு ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறார்கள். அந்த மருந்து ரசாயனங்களைக் கலந்து செய்வது அல்ல. அதற்கு மூலப்பொருள் இரண்டு. ஒன்று பாம்பு, மற்றொன்று குதிரை. இரண்டும் உயிரோடு இருந்தால்தான் மருந்து!

இந்த மருந்துக்குப் பெயர் பெற்ற இடம், மும்பை பரேலில் உள்ள ஹாப்கின் நிறுவனம். 1896-ல் பம்பாயில் பிளேக் நோய் பரவியபோது, அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்த ஹாப்கின் என்ற விஞ்ஞானி இங்கு வந்தார். பிளேக் தடுப்பு ஊசி கண்டுபிடித்து, 1897-ல் முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். 1925-ல் அவர் பெயரே நிறுவனத்துக்குச் சூட்டப்பட்டது.

இருளர்களின் பங்கு

மருந்துக்கு வேண்டிய விஷம் நம் ஊரில் இருந்து வருகிறது. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் இருக்கிறது. முன்பு இவர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தது. பின்னர் தோல் வியாபாரத்துக்குத் தடை விழுந்தது. பிழைப்பு போயிற்று. 1978-ல் சங்கம் அமைத்து, அதே கைத்திறனை விஷம் எடுக்கப் பயன்படுத்தினார்கள்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய 4 வகைகளைப் பிடித்து மண்பானைகளில் வைக்கிறார்கள். வாரம் ஒரு முறையாக 4 முறை விஷம் எடுக்கிறார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டு காட்டில் விட்டுவிடுகிறார்கள். அடையாளம் உள்ள பாம்பை மீண்டும் பிடிப்பதில்லை.

இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

குதிரை சாகாதா?

சாகாது. முதலில் மிகச் சிறிய அளவு விஷமே குதிரைக்கு ஏற்றப்படுகிறது. அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். விஷத்தை எதிர்க்கும் பொருள் குதிரையின் ரத்தத்தில் ஊறிவிடும். பிறகு ரத்தம் எடுத்து, தெளிந்த நீரைப் பிரிக்கிறார்கள். சிவப்பு அணுக்களைக் குதிரைக்கே திருப்பி ஏற்றுவதும் உண்டு.

தெளிந்த நீரைச் சுத்தப்படுத்த பெப்சின் தேவை. அது பன்றியின் இரைப்பையில் இருந்து கிடைப்பது. ஆக, மூன்று பிராணிகள் சேர்ந்து ஒரு மனிதனைக் காப்பாற்றுகின்றன!

இந்த மருந்து 1 மில்லி லிட்டர் இருந்தால், 0.6 மில்லி கிராம் நல்ல பாம்பு விஷத்தை முறிக்க வேண்டும் என்பது விதி.

ஒரு குறை

ஒரே வகைப் பாம்பானாலும் ஊருக்கு ஊர் விஷம் மாறுகிறது. தமிழ்நாட்டுப் பாம்பின் விஷத்தால் செய்த மருந்து, வேறு மாநிலப் பாம்புக் கடிக்குச் சில சமயம் அதே வேகத்தில் வேலை செய்வதில்லை. எல்லாப் பகுதிகளில் இருந்தும் விஷம் சேகரிக்க வேண்டும் என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக் கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள்.

லீவில் ஊருக்குப் போகிறவர்களும், மும்பையில் ஆரே காலனி, போரிவலி காட்டு ஓரம் குடியிருப்பவர்களும் இதை மனதில் வைக்கவேண்டும். கடிவாயைக் கீறக்கூடாது; வாயால் உறிஞ்சக்கூடாது; கயிற்றால் இறுக்கிக் கட்டக்கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல், மந்திரிக்கப் போய் நேரத்தை வீணாக்காமல், உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மருந்து அங்கேதான் இருக்கிறது.