பூனைக்காலி விதையும் பார்கின்சன் மாத்திரையும்: மருந்துக்கு எதுக்கு ‘இடது கை’?

உடுமலைப்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் பூனைக்காலி என்று சொன்னாலே பெரியவங்களுக்கு உடம்பு அரிக்கும். காயின் மேலிருக்கும் சுணை தோலில் பட்டால் சொறிந்து மாளாது. ஆனால் அந்தக் காய்க்குள் இருக்கும் விதையில்தான், உலகம் முழுக்க பார்கின்சன் நோயாளிகள் தினமும் விழுங்கும் மருந்து ஒன்று இருக்கிறது. பெயர் லெவோடோபா. சுருக்கமாக எல்-டோபா.

இந்த விதையில் எல்-டோபா இருப்பதைப் பிரித்தெடுத்துக் காட்டியது நம்ம மாநிலத்து ஆய்வகம்தான். 1937-ல் சென்னையில் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் எம்.தாமோதரனும் ஆர்.ராமசாமியும் அதைச் செய்தார்கள். அது பார்கின்சனுக்கு மருந்தாகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

சரி, விதையிலேயே இருக்கிறதே, அப்புறம் எதுக்கு ஃபேக்டரி? விதையில் எல்-டோபாவின் அளவு பெரும்பாலும் 3 முதல் 6 சதவீதம்தான். அதுவும் மண்ணுக்கு மண், ரகத்துக்கு ரகம் மாறும். லட்சக்கணக்கான நோயாளிகளுக்கு ஒரே அளவில், தடையில்லாமல் மாத்திரை வேண்டுமென்றால் ஆய்வகத்தில் செய்தாக வேண்டும். அங்கேதான் ஒரு சிக்கல் வந்தது.

அது என்ன ‘கைரல்’?

உங்க இரண்டு கைகளையும் பாருங்க. விரல்கள் அதே ஐந்துதான், அமைப்பும் அதேதான். ஆனால் வலது கை கிளவுஸ் இடது கைக்குச் சேராது. ஒன்று மற்றொன்றின் கண்ணாடி பிம்பம். சில மூலக்கூறுகளும் இப்படித்தான். ஒரு கார்பன் அணுவில் நான்கு வெவ்வேறு தொகுதிகள் ஒட்டியிருந்தால், அவற்றை இரண்டு விதமாக அடுக்கலாம். இப்படி ‘கை’ உள்ள மூலக்கூறுகளைத்தான் கைரல் என்கிறார்கள்.

நம் உடம்பில் புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் கிளைசின் தவிர மற்ற எல்லாமே கைரல். அவை எல்லாமே ‘எல்’, அதாவது இடது கை வகை. எல்-டோபாவும் ஓர் அமினோ அமிலம்தான்.

பார்கின்சன் நோயில் மூளையில் டோபமின் குறைகிறது. டோபமினை நேராகக் கொடுத்தால் அது ரத்தத்தில் இருந்து மூளைக்குள் நுழையாது. எல்-டோபா, அமினோ அமிலங்களுக்கான வாசல் வழியாக உள்ளே போய், அங்கே டோபமினாக மாறுகிறது. அந்த மாற்றத்தைச் செய்யும் நொதிக்கு இடது கை வகை மட்டும்தான் பொருந்தும். வலது கை வகையான டி-டோபாவால் அங்கே பலன் இல்லை.

பாதி மருந்து, பாதி தொல்லை

வழக்கமான முறையில் ஆய்வகத்தில் செய்யும்போது இரண்டு வகையும் சரிபாதியாகக் கலந்து வரும். அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் கோட்சியாஸ் 1967-ல் இந்தக் கலவையைத்தான் நோயாளிகளுக்கு அதிக அளவில் கொடுத்தார். விறைத்துப்போன உடம்பு அசைய ஆரம்பித்தது. கூடவே சிலருக்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தன. பிறகு எல்-டோபாவை மட்டும் கொடுத்தபோது பாதி அளவே போதுமானதாக இருந்தது, அந்த ரத்தப் பாதிப்பும் விலகியது. 1969-ல் அந்த முடிவுகள் வெளியாகின.

ஆக, இடது கையை மட்டும் செய்யும் வழி தேவைப்பட்டது. அமெரிக்காவின் மான்சான்டோ நிறுவனத்தில் வில்லியம் நோல்ஸ் 1970-களில் ஒரு வழி கண்டார். ரோடியம் என்ற உலோகத்தோடு, தானும் கைரலான ஒரு மூலக்கூறைச் சேர்த்து வினையூக்கி செய்தார். கிடைத்ததில் 100-க்கு 97-க்கும் மேல் இடது கை வகை. இந்த வேலைக்காக 2001-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் ரோடியம் ரொம்பவே விலை உயர்ந்த உலோகம்.

கீட்டோ அமிலம் உள்ளே வருது

இன்னொரு வழியை ஜப்பான் ஆய்வாளர்கள் பாக்டீரியாவிடம் கற்றார்கள். எர்வினியா ஹெர்பிகோலா என்ற பாக்டீரியாவில் டைரோசின் பீனால் லையேஸ் என்ற நொதி இருக்கிறது. டைரோசின் என்ற அமினோ அமிலத்தை உடைப்பது அதன் வேலை. உடைந்தால் பீனால், அம்மோனியா, பைருவிக் அமிலம் ஆகிய மூன்றும் வரும். பைருவிக் அமிலம் ஒரு கீட்டோ அமிலம். நாம் சாப்பிடும் சர்க்கரை செல்லுக்குள் உடையும்போது உருவாவதும் இதேதான்.

இந்த வினையை ரிவர்ஸில் ஓட்ட முடியும். பீனாலுக்குப் பதில் கேட்டகால் என்ற பொருளைப் போட்டு, பைருவிக் அமிலமும் அம்மோனியாவும் சேர்த்தால் நொதி அவற்றை ஒட்டி எல்-டோபாவாக்கித் தரும். பைருவிக் அமிலத்தில் கீட்டோ கார்பன் இருக்கும் இடம் தட்டையானது, அதற்குக் ‘கை’ கிடையாது. வெறும் குடுவையில் எந்தப் பக்கமும் ஒட்டலாம், அதனால் இரண்டு வகையும் வரும். நொதியின் பள்ளத்துக்குள் ஒரு பக்கம் மட்டும்தான் திறந்திருக்கும். அதனால் இடது கை மட்டுமே உருவாகிறது. அஜினமோட்டோ நிறுவனம் இந்த முறையில் தொழிற்சாலை அளவில் எல்-டோபா தயாரித்தது.

உங்க லேப் ரிப்போர்ட்டிலும் இருக்கு

ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி என்று ஒரு வரி பார்த்திருப்பீர்கள். அதில் ‘பி’ என்பது பைருவிக். அலனின் என்ற அமினோ அமிலத்தில் இருந்து அமினோ தொகுதியை எடுத்து ஒரு கீட்டோ அமிலத்துக்கு மாற்றும் நொதி அது. அலனின் பைருவிக் அமிலமாகிறது, கீட்டோ அமிலம் எல்-குளூட்டமிக் அமிலமாகிறது. கல்லீரல் செல்கள் சேதமானால் இந்த நொதி ரத்தத்தில் கசியும், ரிப்போர்ட்டில் எண் ஏறும். இந்தக் கைமாற்று வினையை மாஸ்கோவில் பிரான்ஸ்டைனும் கிரிட்ஸ்மனும் அறிவித்தது 1937-ல். சென்னையில் பூனைக்காலி ஆய்வு வெளிவந்த அதே வருஷம்.

இதே குடும்பத்து நொதி ஒன்றைத் திருத்தியமைத்துத்தான் சர்க்கரை நோய்க்கான சிடாகிளிப்டினைச் செய்யும் முறையை மெர்க், கோடெக்ஸிஸ் நிறுவனங்கள் 2010-ல் வெளியிட்டன. அதுவும் கைரல் மருந்து. அதற்கு முன் அந்தக் கட்டத்துக்குப் பயன்பட்டது அதே ரோடியம்தான்.

அப்போ விதைப் பொடியே சாப்பிடலாமா?

இங்கேதான் கவனம் தேவை. செடியும் தனக்குள் நொதிகளை வைத்துத்தான் செய்கிறது. அதனால் விதையில் இருப்பதும் இடது கை வகையேதான், மாத்திரையில் இருப்பதும் அதேதான். ‘மூலிகைதானே, ஒண்ணும் பண்ணாது’ என்று நினைப்பது ஆபத்து. ஏற்கெனவே லெவோடோபா எடுப்பவர் பொடியையும் சேர்த்தால், எவ்வளவு உள்ளே போகிறது என்ற கணக்கே தவறிவிடும். அளவு கூடினால் வாந்தி, ரத்த அழுத்தம் குறைவது, கட்டுப்பாடில்லாத அசைவுகள், இல்லாததைப் பார்ப்பது போன்றவை வரலாம். இந்த விதையை உணவாகச் சாப்பிடும் பழங்குடி மக்கள்கூட பலமுறை வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிய பிறகே சாப்பிடுகிறார்கள்.

மாத்திரையில் லெவோடோபாவுடன் கார்பிடோபா என்ற துணை மருந்தும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். மூளைக்குப் போகும் முன்பே மருந்து வீணாகாமல் அது காப்பாற்றும். வெறும் பொடியில் அது இல்லை.

வீட்டில் தாத்தா பாட்டிக்கு இந்த மாத்திரை ஓடுகிறதா? பருப்பு, முட்டை, இறைச்சியோடு சேர்த்துக் கொடுக்கும்போது சிலருக்கு மருந்து மந்தமாக வேலை செய்யும். உணவில் வரும் அமினோ அமிலங்களும் அதே வாசலில்தான் வரிசையில் நிற்கின்றன. சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்பு கொடுக்க வேண்டும் என்பதை அடுத்த முறை நரம்பியல் மருத்துவரிடம் மறக்காமல் கேளுங்க. பொடி ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிடுங்க.