கொரியாவில் குதித்த மருத்துவர்கள்

பாரசூட் வீரன் என்றதும் துப்பாக்கிதான் நம் நினைவுக்கு வரும். மருந்துப் பெட்டியுடன் குதித்தவர்களும் உண்டு. தருமபுரியில் எங்கள் என்.சி.சி. வகுப்பில் அவர்களைப் பற்றிக் கேட்டது முதல், கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன்.

கொரியப் போருக்கு இந்தியா போரிடும் படையை அனுப்பவில்லை. 60ஆவது பாரசூட் கள மருத்துவப் பிரிவை 1950 நவம்பரில் அனுப்பிற்று. தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஆர்க்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். பெயரிலேயே நம் ஆர்க்காட்டைச் சுமந்தவர். 1941இல் பாரசூட்டில் குதித்த முதல் இந்தியர்களுள் ஒருவர்.

டிசம்பரில் சீனப் படை நெருங்கவே, ஐ.நா. படைகள் பியாங்யாங்கை விட்டுப் பின்வாங்கின. லாரிகள் இல்லை. கருவிகளை விட்டுவிட்டு ஆட்கள் மட்டும் தப்புவதே எளிது. நம்மவர் அதற்கு இசையவில்லை. கத்தியும் மருந்தும் இல்லாத மருத்துவனைக் கொண்டு காயம்பட்டவன் என்ன செய்வான்? பழைய நீராவி ரயில் எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்து, நீரும் எரிபொருளும் நிரப்பி, பெட்டிகளில் கருவிகளை ஏற்றித் தாமே ஓட்டிச் சென்றனர். பாலம் தகர்க்கப்படுமுன் ஆற்றைக் கடந்துவிட்டனர்! எனக்கு வானிலிருந்து குதித்ததைவிட இதுவே பெரிதாகப் படுகிறது.

1951 மார்ச் 23இல் முன்சான் அருகே 3,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பாரசூட் வீரர்களுடன் ரங்கராஜ் உட்பட 12 இந்தியர் குதித்தனர். பிரிவின் மற்றொரு பகுதி டேகு நகரில் தென்கொரிய வீரர்களுக்கும் பொதுமக்களுக்கும் சிகிச்சை அளித்தது. ரங்கராஜ் மகாவீர் சக்ரா பெற்றார்.