ஒரு துண்டு இலை போதும்... ஆய்வகத்தில் பிறக்கும் ஹைபிரிட் காபிக் கன்றுகள்!

ஹைபிரிட் தக்காளி பயிரிட்டவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். அந்தப் பழத்திலிருந்து விதை எடுத்து அடுத்த போகத்துக்குப் போட்டால், பழைய விளைச்சல் வராது. காபியிலும் இதே கதைதான். ஆனால், தக்காளியில் ஏமாந்தால் சில மாதங்களில் தெரிந்துவிடும். காபிச் செடி காய்க்கவே மூன்று, நான்கு வருடங்கள் ஆகும். அதுவரை போட்ட பணமும் உழைப்பும் வீண்!

இந்தச் சிக்கலுக்குத் தீர்வாக மத்திய அமெரிக்க நாடுகள் கையில் எடுத்திருப்பதுதான் திசு வளர்ப்பு.

ஹைபிரிட் எதற்கு?

1869-ல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய், அங்கிருந்த காபித் தோட்டங்களை அழித்து, தேயிலைக்கு வழிவிட்டது. அதே நோய் 2012-13-ல் மத்திய அமெரிக்காவைத் தாக்கியது. சிறு விவசாயிகளும் தோட்டத் தொழிலாளர்களும் வருமானத்தை இழந்தார்கள்.

அராபிகா காபி தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. உலகத் தோட்டங்களில் இருப்பவை பெரும்பாலும் மிகச் சில செடிகளின் வாரிசுகள். அதனால், ஒரு நோய் வந்தால் தோட்டமே படுத்துவிடும். இதை மாற்ற, சூடான் பகுதியின் 'ரூமே சூடான்' என்ற ரகத்தையும் துருநோயைத் தாங்கும் ஒரு ரகத்தையும் இணைத்து உருவாக்கப்பட்டதுதான் 'சென்ட்ரோஅமெரிக்கானோ'. பிரான்ஸின் சிராட், கோஸ்டாரிகாவின் காட்டியே ஆய்வு நிறுவனங்களுக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு. விளைச்சல் மட்டுமல்ல, ருசியும் உண்டு. 2017-ல் நிகரகுவாவில் நடந்த 'கப் ஆஃப் எக்ஸலன்ஸ்' போட்டியில் இந்தக் காபி 90 புள்ளிகளைத் தாண்டியது.

எப்படி வளர்க்கிறார்கள்?

ஹைபிரிட் விதையைக் கையால் உருவாக்க, ஒவ்வொரு பூவிலும் மகரந்தப் பையை நீக்கி, வேறு மகரந்தத்தைத் தடவ வேண்டும். இவ்வளவு செய்தாலும் ஒரு பழத்தில் கிடைப்பது இரண்டே விதைகள். லட்சக்கணக்கான கன்றுகளுக்கு இது கட்டுப்படியாகாது.

அதனால், தாய்ச் செடியின் இலையைக் கிருமி நீக்கி, சிறு துண்டுகளாக வெட்டி, ஊட்டச்சத்தும் வளர்ச்சி ஊக்கிகளும் கலந்த கூழில் வைக்கிறார்கள். வெட்டிய ஓரங்களில் திசுத் திரள் உருவாகும். அதிலிருந்து, விதைக்குள் இருப்பதைப் போன்ற கருக்கள் தோன்றும். ஊட்டத் திரவம் அவ்வப்போது நனைத்துச் செல்லும் கலன்களில் அவை முளைவிடும். பிறகு பசுமைக்குடிலில் வைத்து, வெளிக்காற்றுக்கும் வெயிலுக்கும் மெள்ளப் பழக்குவார்கள். இலைத் துண்டு, நடவுக்கான கன்றாக மாற ஒரு வருடத்துக்கும் மேலாகும். நம்மூர் திசு வளர்ப்பு வாழையைப் போலவே, எல்லாக் கன்றுகளும் தாயின் நகல்கள்!

விலைதான் தடை

ஆய்வகம், மின்சாரம், பயிற்சி பெற்ற ஆட்கள் என எல்லாம் சேர்ந்து, கன்றின் விலை சாதாரண நாற்றைவிட மிகவும் அதிகமாகிவிடுகிறது. ஆயிரக்கணக்கில் நட வேண்டிய சிறு விவசாயிக்கு இது பெரும் சுமை.

செலவைக் குறைக்க, ஆய்வகக் கன்றுகளிலிருந்து சிறு தண்டுகளை வெட்டி, நாற்றங்காலில் வேர்பிடிக்க வைக்கிறார்கள். இன்னொரு வழி 'ஸ்டார்மாயா' ரகம். இதன் தாய்ச் செடியில் மகரந்தம் உருவாகாது. எனவே, பக்கத்தில் வேறு ரகத்தை நட்டாலே, கைவேலை இல்லாமல் ஹைபிரிட் விதை கிடைத்துவிடும்.

ஹைபிரிட் காபி நடுபவர்கள், அந்தக் கன்று எப்படி உருவானது என்று முதலில் கேட்பது நல்லது. ஹைபிரிட் தோட்டத்தில் பொறுக்கிய விதையில் முளைத்தது என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது நஷ்டக் கணக்குதான்!