சுகோமாஜ்ரியின் தண்ணீர்ப் பங்கு

ஓர் ஓடைக்கு எந்தெந்தச் சரிவுகளிலிருந்து மழைநீர் வந்து சேர்கிறதோ, அந்த நிலம் முழுவதும் அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி. மேட்டில் ஒருவர் ஆடு மேய்த்தால் பள்ளத்தில் இன்னொருவரின் வயல் மண்மூடிப் போகும். தனி உழவர் தம் வரப்பை எவ்வளவு உயர்த்தினாலும் இதைத் தடுக்க முடியாது. ஊர் கூடிச் சங்கம் வைத்தால் தடுக்கலாம் என்று காட்டிய ஊர், ஹரியானாவில் சிவாலிக் மலையடிவாரத்தில் இருக்கும் சுகோமாஜ்ரி.

1958-இல் உருவான சண்டிகர் சுக்னா ஏரியில், இருபது ஆண்டுகூட ஆவதற்குள் பாதிக்கும் மேல் வண்டல் சேர்ந்துவிட்டது. காரணம் தேடிப் புறப்பட்ட மண்வள அறிவியலாளர் பி.ஆர். மிஸ்ரா இந்த ஊரின் மொட்டைக் குன்றுகளுக்கு வந்து சேர்ந்தார். சிவாலிக் மண் இளகியது. ஆடுகள் புல்லை வேரோடு கறித்த இடத்தில், ஒரு கனமழையே வாய்க்கால் ஆழத்துக்கு அரித்துக்கொண்டு போகும்.

1976-இல் முதல் மண் அணை எழுந்தது. அதில் தேங்கிய மழைநீர் தாழ்வான சில வயல்களுக்கு மட்டுமே பாய்ந்தது. பலன் இல்லாதவர்கள் வழக்கம்போல் குன்றில் ஆடு மேய்த்தார்கள்; அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. திட்டம் பிழைத்தது அதன்பின் எடுத்த ஒரு முடிவால்தான்: நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒரு பங்கு தண்ணீர். நிலமில்லாதவர் தம் பங்கை விற்றுக்கொள்ளலாம். பதிலுக்கு, குன்றில் யாரும் மேய்க்கக் கூடாது. முள்வேலி போடவில்லை, காவலாளும் வைக்கவில்லை. அடுத்த வீட்டு ஆடு குன்றில் ஏறினால் தன் பங்குத் தண்ணீர் குறையும் என்ற கணக்கே காவலாயிற்று.

விதைத்து மூன்று வாரத்தில் கோதுமை முடிவேர் விடும். அப்போது ஒரு தண்ணீர் பாய்ச்ச முடிந்தாலே விளைச்சல் கூடும். வானத்தை நம்பியிருந்த உழவர்களுக்கு அணை நீர் அந்த ஒரு தண்ணீரைத் தந்தது. குன்றில் புல் மீண்டு வந்ததும் ஆடுகளை விற்று எருமை வாங்கினார்கள், பால் பெருகியது. கயிறு திரிக்கவும் காகித ஆலைக்கும் உதவும் பாபர் புல்லை, முன்பு ஒப்பந்தக்காரர் எடுத்த குத்தகையைச் சங்கமே எடுத்து அறுத்து விற்றது. ஏரிக்குப் போன வண்டலும் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகக் குறைந்தது.

வருமானம் கண்ணில் பட்டதும் வருமான வரித் துறையும் வந்தது. புல் விற்ற காசுக்கு வரி கட்டிய ஊர் என்ற பெயரும் சுகோமாஜ்ரிக்கு உண்டு. வனத்துறையும் புல் வருவாயில் பங்கு எடுத்துக்கொண்டது. சங்கத்தின் கையிருப்பு மெலிந்தது. அணைகளில் வண்டல் ஏற ஏற, தூர்வாரும் செலவு பெரிதாயிற்று. வசதியுள்ளவர்கள் சொந்தமாக ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டார்கள்.