சக்கரம் இழந்த ரெயில் பெட்டி கேட் குடிசை ஆகிறது!

ரெயில் பெட்டிக்குச் சக்கரம் போய்விட்டால் என்ன மதிப்பு? "அடுப்பு எரிக்கத்தான் ஆகும்" என்று சொல்லத் தோன்றும். பிரிட்டனில் அப்படி விடுவதில்லை.

அந்நாட்டின் பழைய சரக்குப் பெட்டிகளில் பல மரத்தால் ஆனவை. பெட்டிக்கு வயதானதும் சக்கரத்தையும் இரும்புச் சட்டத்தையும் ரெயில்வேயினர் கழற்றிக்கொள்வார்கள். மேலே உள்ள மரக்கூட்டை விற்றுவிடுவார்கள். விவசாயிகள் அதை வாங்கி வயலில் வைத்துக் கோழி அடைப்பார்கள், தீவனம் வைப்பார்கள். சில கூடுகள் ரெயில்வே ஊழியர்கள் ஒதுங்கும் குடிசைகள் ஆயின.

தேடிச் செல்லும் தொண்டர்கள்

1951-ம் ஆண்டில் வேல்ஸ் பகுதியில் டாலிலின் என்ற சிறு ரெயிலைத் தொண்டர்களே ஓட்டத் தொடங்கினார்கள். இன்று பிரிட்டனில் இப்படிப் பல பழைய ரெயில்கள் ஓடுகின்றன. இவற்றின் தொண்டர்கள்தான் பழைய கூடுகளைத் தேடி எடுக்கிறார்கள். வைட் தீவில், மக்கள் விடுமுறை வீடாக வைத்திருந்த பயணிகள் பெட்டிகள் மீண்டும் சக்கரம் ஏறி ஓடுகின்றன.

சக்கரம் ஏற முடியாத கூட்டுக்கும் வேலை உண்டு. அதை லெவல் கிராசிங்கில் வைத்தால் கேட் காப்பவருக்குக் குடிசை தயார்!

குடிசை எதற்கு?

பொதுச் சாலையை ரெயில் கடக்கும் இடத்தில் கேட் வேண்டும், அதைக் காக்க ஆள் வேண்டும் என்று 1845-ம் ஆண்டிலேயே அங்கு சட்டம் வந்தது. ஓடும் ரெயிலைச் சட்டென்று நிறுத்த முடியாது. நேரத்தில் கேட் மூடாவிட்டால் உயிர்ச்சேதம்தான். மழையிலும் பனியிலும் நடுங்கி நிற்பவர் எப்படிக் கருத்தாகக் காவல் காப்பார்?

பழுது பார்ப்பது எப்படி?

பெட்டியின் பெரிய பகை ஈரம். மண்ணில் படும் அடிக்கட்டைதான் முதலில் மக்கும். மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்துப் பயன் இல்லை. மக்கிய கட்டையை வெட்டி எடுத்து, நல்ல மரத்தைப் பொருத்த வேண்டும். பிறகு செங்கல் தூண் மீதோ சிலீப்பர் கட்டை மீதோ கூட்டைத் தூக்கி வைக்க வேண்டும். அடியில் காற்று ஓடினால் ஈரம் தங்காது.

அடுத்தது கூரை. பலகை மேல் கித்தானை இழுத்துக் கட்டிப் பெயிண்ட் பூசுவது பழைய முறை. ஓட்டை இருந்தால் சுவரும் கெடும்.

ஓர் எச்சரிக்கை! பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்தபடியே சுரண்டினால் அந்தத் தூசி மூச்சில் கலந்து உடலைக் கெடுக்கும். குழந்தைகளுக்கு இன்னும் கெடுதல். நனைத்துத்தான் சுரண்ட வேண்டும். தகுந்த முகமூடியும் வேண்டும்.

கடைசியாக ஜன்னல். ரெயில் வரும் இரு திசையும், சாலையும் உள்ளிருந்தே தெரிய வேண்டும். உள்ளே ஒரு நாற்காலி, கொடி, விளக்கு இருந்தால் போதும்.

அன்று சரக்கைச் சுமந்து ஊர் ஊராக ஓடிய பெட்டி, இன்று ஓரிடத்தில் நின்று, உயிரைக் காப்பவருக்கு நிழல் தருகிறது!