பால்கோவா ஊரில் பால் ஆகாத பிள்ளை!

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலை மிட்டாய், விருதுநகர் எண்ணெய் புரோட்டா... எங்கள் பக்கத்துப் பெருமை என்றால் எல்லோரும் இந்த மூன்றைத்தான் சொல்வார்கள். ஐந்து வயதாகும் என் மகனுக்கு இந்த மூன்றுமே ஆகாது. பால், நிலக்கடலை, கோதுமை எல்லாமே அவனுக்கு 'அலர்ஜி'!

"கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துப் பழக்கு, தானாச் சரியாப் போகும்" என்று சொல்லாத உறவுக்காரர்களே இல்லை. பால் செரிக்காமல் வயிறு பொருமுவது வேறு, இது வேறு. பாலில் இருக்கும் புரதத்தை உடம்பு எதிரியாக நினைத்துச் சண்டைக்குப் போகிறதாம். அதனால் ஒரு ஸ்பூன்கூட ஆபத்துதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்டுப்பால் கொடுக்கலாமா என்று கேட்டேன். இரண்டின் புரதமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான், கூடவே கூடாது என்றார். நெய்யும் அப்படித்தான்.

என் மாமியாருக்கு இது ரொம்ப நாள் பிடிபடவே இல்லை. "பாலும் நெய்யும் இல்லாம வளர்ந்தா எலும்பு எப்படிம்மா உறுதியாகும்?" என்று புலம்புவார். போன வருடம் ஒரு கல்யாண வீட்டில்தான் எல்லாம் மாறியது. நான் பந்தி பரிமாறிக் கொண்டிருந்தேன். தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெரியம்மா, "பச்சப் பிள்ளைக்கு இல்லாத பாயசமா?" என்று இவனுக்கு இரண்டு ஸ்பூன் ஊட்டிவிட்டார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு விசில் மாதிரி இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தொடையில் 'அட்ரினலின்' ஊசி போட்ட பிறகுதான் பிள்ளைக்கு மூச்சு வந்தது. சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரலாம் என்று ராத்திரி முழுக்க அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். தடிப்போடு மூச்சுத் திணறலும் சேர்ந்தால், வீட்டில் மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவே கூடாதாம். அந்தப் பெரியம்மா ஆசையாகக் கொடுத்ததுதான், அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அன்றிலிருந்து விசேஷ வீடுகளில் இவன் பக்கத்தில் காவல் இருப்பது என் மாமியார்தான்!

வெளிப்படையாகத் தெரிகிற பொருளை விலக்குவது சுலபம். ஒளிந்திருப்பதுதான் ஆளைக் கொல்கிறது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அதனால் எங்கள் வீட்டு சாம்பாருக்குச் சீரகமும் பூண்டும்தான். ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. செக்கில் ஆட்டிய கடலெண்ணெயில் கடலைப் புரதம் தங்கும் என்பதால் நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெயோடு நிறுத்திக்கொண்டோம். ஹோட்டல் சட்னியிலும் புளியோதரையிலும் கடலை இருக்கும். மாவு மில்லில் முதல் ஆள் கோதுமை அரைத்திருந்தால், அடுத்து அரைக்கும் நம் அரிசி மாவிலும் அது ஒட்டிக்கொண்டு வரும். அதனால் அரிசியை ஊற வைத்து, நிழலில் உலர்த்தி, மிக்சியிலேயே அரைத்துச் சலித்துக் கொள்கிறேன். சப்பாத்திக் கல்லில் இவன் தோசையை ஊற்றுவதில்லை, தனிக்கல்.

பாக்கெட் வாங்கினால் பொடி எழுத்தையும் விடாமல் படிக்கிறேன். பால், கோதுமை, கடலை, முட்டை, சோயா போன்றவை இருந்தால் அட்டையில் தெரிவிக்க வேண்டும் என்று 2020-ல் மத்திய அரசு விதி கொண்டு வந்தது. எங்கள் மாதிரி அம்மாக்களுக்கு அது பெரிய உதவி.

சரி, என்னதான் சாப்பிடுகிறான் என்று கேட்கிறீர்களா? நம் சமையலில் இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை என்று அரிசிப் பலகாரம் இருக்கும்போது என்ன குறை! 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. மில் மாவு வேண்டாமென்று கேழ்வரகையும் முளைகட்டி, உலர்த்தி, வீட்டிலேயே அரைத்து, கருப்பட்டி, தேங்காய் சேர்த்துக் கொழுக்கட்டை செய்கிறேன். டாக்டர் எழுதித் தந்த கால்சியம் மருந்தும் தனியாக உண்டு.

தயிர் சாதத்துக்குத்தான் ரொம்ப யோசித்தேன். சாதத்தைச் சூடாகக் குழைய மசித்து, கெட்டித் தேங்காய்ப்பால், உப்பு சேர்த்து நன்றாக ஆறவிடுங்கள். ஆறியபிறகு நாலைந்து சொட்டு எலுமிச்சம்பழம் பிழிந்து, கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்தால் கிட்டத்தட்ட அந்த ருசி வந்துவிடுகிறது. சூட்டோடு பிழிந்தால் திரிந்துவிடும், கவனம். "வெள்ளைச் சோறு" என்று இவன் இதற்குப் பேர் வைத்திருக்கிறான். இப்போது என் கணவரும் அதைத்தான் கேட்கிறார்!

பிறந்த நாளுக்குக் கேக் கிடையாது. வெல்லப் பணியாரத்தைக் கோபுரமாக அடுக்கி, மேலே மெழுகுவர்த்தி வைத்தோம். பள்ளியில் மற்ற பிள்ளைகள் மிட்டாய் கொடுக்கும் நாட்களுக்காக, டீச்சரிடம் ஒரு டப்பா நிறைய எள்ளுருண்டை கொடுத்து வைத்திருக்கிறேன். "இதுல பால் இருக்கா?" என்று இவனே கேட்டுவிட்டுத்தான் கை நீட்டுகிறான். அதைப் பார்க்கையில் பெருமையாகவும் இருக்கிறது, வயிற்றைப் பிசையவும் செய்கிறது.

பால் அலர்ஜி பல பிள்ளைகளுக்கு வளர வளரப் போய்விடுமாம், கடலைக்கு அந்த அளவு நிச்சயமில்லை. வருகிற மாதம் ஆஸ்பத்திரியில் வைத்து, டாக்டர் கண் முன்னால் துளித் துளியாகப் பால் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள். தீபாவளிக்குப் பாலும் நெய்யும் கோதுமையும் கடலையும் சேராத இனிப்பு வகை தெரிந்த சகோதரிகள் இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன். அதிரசமும் எள்ளுருண்டையும் செய்து செய்து எனக்கே அலுத்துவிட்டது!

- ஒரு வாசகி, விருதுநகர்