காயம் தானாக ஆறியதா, மருந்தால் ஆறியதா?

ஒரு டம்ளரில் கொதிக்கக் கொதிக்கக் காப்பி இருக்கிறது. டவராவில் ஊற்றி நாலைந்து முறை ஆற்றுகிறோம். குடிக்கும் பதத்துக்கு வந்துவிடுகிறது. ‘ஆற்றினேன், ஆறியது’ என்று சொல்லிக்கொள்கிறோம். தொடாமல் மேசைமேல் வைத்திருந்தாலும் அந்தக் காப்பி ஆறித்தான் இருக்கும். சற்று நேரம் கூடுதலாகியிருக்கும், அவ்வளவுதான். அப்படியானால் நம் கைக்குச் சேர வேண்டிய பெருமை எவ்வளவு, காலத்துக்குச் சேர வேண்டியது எவ்வளவு? இதை அறிய ஒரே வழிதான் உண்டு. அதே அளவு, அதே சூடுள்ள காப்பியை இன்னொரு டம்ளரில் ஊற்றி, ஆற்றாமல் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் வெப்பமானியை இட்டுப் பார்க்க வேண்டும்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நியூட்டனின் குளிர்தல் விதியைச் சோதிக்க வரும் மாணவர்களிடம் இதை ஆண்டுதோறும் சொல்லி வருகிறேன். அந்த இரண்டாவது டம்ளர் பௌதிகத்தில் மலிவான பொருள். மருத்துவத்தில் அது அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. ஏனெனில் அங்கே டம்ளரின் இடத்தில் இருப்பவர் ஒரு மனிதர்.

தமிழில் காப்பியும் ஆறுகிறது, புண்ணும் ஆறுகிறது, மனமும் ஆறுகிறது. மனத்தில் ஏற்படும் ஒருவகைக் காயத்தையும், அதற்கான சிகிச்சைகளை ஆராய்ச்சியாளர்கள் எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதையும் இங்கே பார்ப்போம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இரவுப் பேருந்தில் போகும்போது விபத்தில் சிக்கினார். உடம்பில் சிராய்ப்புதான். ஆனால் பல வாரங்களுக்குத் தூக்கத்தில் பிரேக் சத்தம் கேட்டு அலறி எழுவார். டீசல் வாடை பட்டாலே வியர்த்துக் கொட்டும். பேருந்து நிலையத்தின் பக்கமே போகமாட்டார். நான்கைந்து மாதங்களில் எல்லாம் சரியாகிவிட்டது. வீட்டில் தாயத்து கட்டியவர் தாயத்தால்தான் என்றார். மாத்திரை கொடுத்த டாக்டர் மாத்திரையால் என்றார். ஊருக்கு அழைத்துப் போய் வைத்திருந்த மாமா ஊர்க்காற்றால் என்றார். மூவரும் பொய் சொல்லவில்லை. மூவரிடமும் ஆற்றாத டம்ளர் இல்லை.

இத்தகைய துன்பம் ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து, வேலையையும் வாழ்க்கையையும் குலைக்குமானால் மருத்துவர்கள் அதை ஒரு நோயாகக் கருதுகிறார்கள். முதல் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு நடுவே இருந்த சிப்பாய்கள் சிலர் காயமில்லாமலேயே நடுங்கினர், பேச்சிழந்தனர். சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 1915-இல் ‘ஷெல் ஷாக்’ என்ற பெயரில் இதைப் பற்றி எழுதினார். வியத்நாம் போர் முடிந்தபின், 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் பி.டி.எஸ்.டி. என்ற பெயரில் இதைச் சேர்த்தது. போர் மட்டுமன்று, விபத்து, வன்முறை, பூகம்பம், வெள்ளம் எதுவும் இதற்குக் காரணமாகலாம். ‘மனவடு’ என்ற அழகான தமிழ்ச் சொல் இதற்கு வழங்குகிறது. அதையே நாமும் வைத்துக்கொள்வோம்.

இந்த நோயை ஆராய்வதில் உள்ள பெரிய சங்கடம் என்னவென்றால், பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களில் தாமாகவே தேறிவிடுகிறார்கள். ஆகவே அந்தச் சமயத்தில் எந்தச் சிகிச்சையைக் கொடுத்தாலும் அது பலித்தது போலவே தோன்றும். இதனால் மருத்துவ உலகமே ஒருமுறை ஏமாந்த கதை உண்டு.

ஜெஃப்ரி மிட்செல் என்ற அமெரிக்கர் 1983-இல் ஒரு முறையை வெளியிட்டார். தீயணைப்புப் படையினர், ஆம்புலன்ஸ் ஊழியர்கள் போன்றோர் கோரமான காட்சிகளைக் கண்டபின், சில நாட்களுக்குள் அவர்களைக் கூட்டி உட்கார வைத்து, நடந்ததையும் அப்போது மனத்தில் ஓடியதையும் ஒருமுறை முழுக்கப் பேசச் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். ‘மனத்தில் அடக்கி வைக்காதே, கொட்டிவிடு’ என்று நம் வீடுகளிலும் சொல்வதுண்டல்லவா? கேட்பதற்கே நியாயமாக இருந்ததால் அது வேகமாகப் பரவியது. ஊழியர் குழுக்களுக்கு என்று வகுக்கப்பட்டது, விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடப்பவரிடம் தனித்தனியாகச் சென்று பேச வைக்கும் அளவுக்கு விரிந்தது. பேசியவர்களில் பலர் ‘உதவியாக இருந்தது’ என்றே சொன்னார்கள். அவர்களில் பலர் தேறியும் விட்டார்கள். வேறென்ன சான்று வேண்டும்?

இரண்டாவது டம்ளர் வேண்டும் என்றனர் சிலர். பிரிட்டனில் வேல்ஸ் நாட்டில் தீக்காயம் பட்ட 133 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. ஒரு பாதிப் பேருக்கு இந்தப் பேச்சு அமர்வு. மறு பாதிப் பேருக்கு அது இல்லை. யார் எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். ஏன் குலுக்கல்? டாக்டரிடம் விட்டால், இரக்கத்தால் மிக மோசமாக இருப்பவர்களையெல்லாம் சிகிச்சைப் பக்கம் அனுப்பிவிடுவார். ஒரு டம்ளரில் கொதிக்கும் காப்பியும் மற்றதில் வெதுவெதுப்பான காப்பியும் ஊற்றிவிட்டுப் பிறகு ஒப்பிட்டு என்ன பயன்?

1997-இல் முடிவு வெளியாயிற்று. 13 மாதங்களுக்குப் பின் பார்த்தபோது, அமர்வு பெற்றவர்களில் 26 சதவீதத்தினருக்கு மனவடு நோய் இருந்தது. பெறாதவர்களில் 9 சதவீதத்தினருக்கு மட்டுமே இருந்தது! இதில் ஒரு சிக்கல் உண்டு. குலுக்கலிலும் சில சமயம் சீட்டு ஒரு பக்கமாக விழும். அமர்வு பெற்றவர்களின் தீக்காயம் ஆரம்பத்திலேயே சற்றுக் கடுமையாக இருந்தது என்பதை ஆய்வாளர்களே எடுத்துக் காட்டினார்கள். ஆகவே ‘அமர்வு தீங்கு செய்தது’ என்று இந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ‘நன்மை செய்தது’ என்று சொல்ல இதில் இடமே இல்லை.

ஆக்ஸ்ஃபோர்டில் சாலை விபத்தில் சிக்கியவர்களிடம் செய்யப்பட்ட இன்னொரு சோதனை, மூன்று ஆண்டுகள் வரை அவர்களைத் தொடர்ந்து கவனித்தது. 2000-இல் வெளியான அதன் முடிவு இன்னும் கவலை தருவது. தொடக்கத்தில் மிகவும் கலங்கியிருந்தவர்களில், அமர்வு பெறாதவர்கள் காலப்போக்கில் தேறினார்கள். அமர்வு பெற்றவர்களோ தேறாமலே நின்றார்கள். ஆறிக்கொண்டிருக்கும் புண்ணைக் கிளறிவிட்டது போலாயிற்று என்பது என் ஊகம். காரணம் இதுதான் என்று எவரும் நிரூபித்துவிடவில்லை. இத்தகைய சோதனைகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபின், ஒரே ஒரு தடவை நடத்தும் இந்த அமர்வைக் கட்டாயப்படுத்துவது கூடாது என்ற கருத்து வலுத்தது. 2004 டிசம்பரில் சுனாமி நம் கரையோரத்தையும் இலங்கையையும் தாக்கியபோது நல்ல மனம் கொண்ட பலர் ஆறுதல் சொல்ல ஓடி வந்தார்கள் அல்லவா? இந்த முறையைப் பரிந்துரைக்க இயலாது என்று 2005-இல் உலக சுகாதார நிறுவனமே அறிவித்தது. உணவு, உறைவிடம், உறவினரோடு சேர்த்து வைத்தல், பேச விரும்புவோருக்குக் காது கொடுத்தல் ஆகியவையே அந்தச் சமயத்தில் முதல் தேவைகள்.

அப்படியானால் பேசுவதே தவறா? இல்லை. நோய் நிலைத்துவிட்டவர்களுக்குப் பேச்சே சிகிச்சையாகவும் இருக்கிறது. ஆனால் அது ஒருமுறை கொட்டித் தீர்ப்பதன்று. பயிற்சி பெற்ற சிகிச்சையாளரின் துணையோடு, வாரந்தோறும், அஞ்சும் நினைவைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்ளுதல். நீச்சல் பழகும் பிள்ளை முதலில் முழங்கால் தண்ணீரில் நின்று பழகுவதில்லையா? நினைவு நம்மைக் கொல்லாது என்று மூளை சிறுகச் சிறுகக் கற்றுக்கொள்கிறது.

இதைச் சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவில் இராணுவத்தில் பணிபுரிந்த 284 பெண்கள் அதில் பங்கேற்றனர். ஒரு குழுவுக்கு நினைவை எதிர்கொள்ளும் சிகிச்சை. மறு குழுவைச் சும்மா விட்டுவிடவில்லை. அவர்களுக்கும் அதே பத்து வாரம், வாரம் 90 நிமிடம், அன்பாகக் கேட்கும் ஒரு சிகிச்சையாளர் கிடைத்தார். இன்றைய வாழ்க்கைச் சிக்கல்களை மட்டும் பேசினார்கள், பழைய நினைவைத் தொடவில்லை. ஆகவே வித்தியாசம் ஏதும் தெரிந்தால், அது யாரோ ஒருவர் அக்கறையாகக் கேட்டதால் வந்ததன்று என்று சொல்லிவிடலாம். 2007-இல் வெளியான முடிவு: முதல் குழுவில் 41 சதவீதத்தினர் நோயின் எல்லையைத் தாண்டி வெளியே வந்தனர். இரண்டாம் குழுவில் ஏறத்தாழ 28 சதவீதத்தினர். சிகிச்சை மெய்யாகவே வேலை செய்கிறது. ஆனாலும் 100 பேரில் 59 பேருக்கு நோய் தீரவில்லை என்பதையும் அதே எண்கள் சொல்கின்றன.

மருந்து விஷயத்துக்கு வருவோம். பிரசோசின் என்பது இரத்த அழுத்தத்துக்கான பழைய, விலை குறைந்த மாத்திரை. ஆபத்து வரும்போது நம் உடம்பில் நார்அட்ரினலின் என்ற இரசாயனம் சுரந்து நெஞ்சைப் படபடக்கச் செய்கிறது. அது சென்று பொருந்தும் சில ஏற்பிகளை, பூட்டின் துவாரத்தில் மெழுகை வைத்தது போல் இந்த மருந்து அடைத்துவிடுகிறது. மனவடு உள்ளவர்களுக்கு இரவிலும் இந்தச் சுரப்பு ஓயாததால்தான் கொடுங்கனவுகள் வருகின்றனவோ என்று எண்ணினார் சியாட்டில் நகரத்து மருத்துவர் மர்ரே ராஸ்கின்ட். 2003-இல் அவர் குழு வெளியிட்ட சோதனையில் வியத்நாம் போரில் ஈடுபட்ட 10 பேர் இருந்தனர். ஒவ்வொருவரும் சில வாரங்கள் பிரசோசினும், சில வாரங்கள் அதே உருவத்தில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் உட்கொண்டனர். எப்போது எது என்பது உண்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. ‘மருந்து சாப்பிடுகிறோம்’ என்ற நம்பிக்கையே பாதி நோயைக் குறைக்கக் கூடியது; அதைக் கழித்துவிட இந்த மறைப்பு வேண்டும். பிரசோசின் சாப்பிட்ட வாரங்களில் கனவுகள் வெகுவாகக் குறைந்தன. 2013-இல் 67 சிப்பாய்களிடம் செய்த சோதனையிலும் நல்ல பலன். மருத்துவர்கள் பலர் இதை எழுதிக் கொடுக்கத் தொடங்கினர்.

நாணயத்தைப் பத்து முறை சுண்டி ஏழு முறை தலை விழுந்தால் நீங்கள் வியப்பதில்லை. 300 முறை சுண்டி 210 முறை தலை விழுந்தால் நாணயத்தைப் புரட்டிப் பார்ப்பீர்கள். அதனால்தான் பெரிய சோதனை தேவைப்பட்டது. 13 மருத்துவ மையங்களில் 304 முன்னாள் படைவீரர்கள் பங்குகொண்டனர். 2018-இல் முடிவு வந்தது. இரு குழுவினரும் ஓரளவு தேறினார்கள். பிரசோசினுக்கும் வெற்று மாத்திரைக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அந்த ஆய்வையும் தலைமை தாங்கி நடத்தியவர் அதே ராஸ்கின்ட். பல ஆண்டுகள் தாம் வளர்த்த கருத்துக்கு எதிரான முடிவைத் தம் பெயரிலேயே வெளியிட்டார். பாடப்புத்தகங்களில் இத்தகைய தருணங்களுக்கு இடம் கிடைப்பதில்லை என்பதில் எனக்கு வருத்தமுண்டு.

கதை அத்தோடு முடியவில்லை. அந்த 304 பேர் யார்? மிக மோசமான நிலையில் இருந்தவர்களைச் சோதனைக்கு அனுப்ப மருத்துவர்கள் தயங்கினார்கள். அவருக்கு வெற்று மாத்திரை விழுந்துவிட்டால் என்ன செய்வது? ஆகவே ஓரளவு நிலையாக இருந்தவர்களே அதிகம் சேர்ந்தனர். ஏற்கெனவே ஆறியிருக்கும் காப்பியில் விசிறியின் பலன் எப்படித் தெரியும் என்று கேட்கிறார்கள் ஒரு சாரார். தோற்ற பிறகு சொல்லும் சமாதானம் என்கிறார்கள் மறு சாரார். எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்து, 2023-இல் அமெரிக்க இராணுவ மருத்துவத் துறைகள் வெளியிட்ட வழிகாட்டி, கொடுங்கனவுகளுக்கு மட்டும் பிரசோசினைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று தயக்கத்தோடு சொல்கிறது.

மருத்துவர்களின் அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். இலங்கையின் வடகிழக்கில் போரையும் பார்த்து, சுனாமியையும் பார்த்த குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2009-இல் வெளியாயிற்று. முகாம்களில் இருந்த 31 குழந்தைகள். உள்ளூரிலேயே பயிற்சி பெற்ற ஆலோசகர்கள். குலுக்கல் முறையில் 16 குழந்தைகளுக்குத் தங்கள் வாழ்க்கைக் கதையைப் பிறந்தது முதல் வரிசையாகச் சொல்லும் சிகிச்சை. இந்த முறையில் தரையில் ஒரு கயிற்றை வாழ்க்கையாக நீட்டி வைத்து, நல்ல நிகழ்ச்சிக்கு ஒரு பூவும் கெட்ட நிகழ்ச்சிக்கு ஒரு கல்லும் வைப்பார்கள். மற்ற 15 குழந்தைகளுக்குத் தியானமும் உடலைத் தளர்த்தும் பயிற்சியும். இரண்டுக்கும் ஆறு அமர்வுகள். ஆறு மாதம் கழித்து முதல் குழுவில் 81 சதவீதத்தினரும், இரண்டாம் குழுவில் 71 சதவீதத்தினரும் தேறியிருந்தனர். இத்தனை சிறிய எண்ணிக்கையில் இந்த வேறுபாட்டுக்குப் பொருள் இல்லை.

இதில் ஆற்றாத டம்ளர் எங்கே? அது இல்லை. காலம் மட்டுமே எவ்வளவு ஆற்றியிருக்கும் என்பதை இந்த எண்களிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. சுனாமி நடந்து சில வாரங்களே ஆகியிருந்தன. பல குழந்தைகள் எப்படியும் தேறியிருக்கலாம். ஆனால் தூங்காமல் விழித்துக் கிடக்கும் ஒரு குழந்தையிடம் போய் ‘நீ ஒப்பிடுவதற்காக இருக்கிறாய்’ என்று சொல்ல எவருக்கு வாய் வரும்? வேறு ஆய்வுகளில் இதற்கு ஒரு நடுவழி கண்டிருக்கிறார்கள். குலுக்கலில் இரண்டாம் பக்கம் விழுந்தவர்கள் சில வாரங்கள் காத்திருப்பார்கள். ஒப்பீடு முடிந்தவுடன் அதே சிகிச்சை அவர்களுக்கும் உண்டு. அந்தச் சில வாரங்கள் எத்தனை என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே ஓர் அறநெறிக் குழு ஆராய்ந்து ஒப்புதல் தர வேண்டும். பெற்றோர் கையெழுத்திட வேண்டும், குழந்தையும் சம்மதிக்க வேண்டும். இடையில் எந்த நாளிலும் ‘இனி வேண்டாம்’ என்று காரணம் சொல்லாமலே அந்தக் குழந்தை விலகிக்கொள்ளலாம்.